முன் வீல் ஆக்சில் ஆடுகிறதா? கராஜில் பணம் கட்டும் முன் நீங்களே கண்டுபிடிக்கும் முறை

பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் எதுவானாலும் சரி, முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பெங்களூரு கராஜ்களில் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஆக்சில் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்." சில சமயம் அது உண்மை. பல சமயம் ஒரு நட்டோ, பேரிங்கோ, இன்ஜின் மவுண்டிங்கோ (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) தான் காரணம். ஆக்சிலை மாற்றிய பிறகும் அதே சத்தம் தொடர்ந்தால், கொடுத்த காசு திரும்ப வராது.

கீழே உள்ள சோதனைகள் செலவில்லாததில் தொடங்கி வீலைத் தூக்கிச் சோதிப்பது வரை வரிசையாகப் போகின்றன. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாவது ஆள் ஒருவர் கூட இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

1. ஆட்டம் எங்கெல்லாம் வரலாம்

முன் வீல் இழுக்கும் வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து இரண்டு வீலுக்கும் தனித்தனி ஷாஃப்ட் போகிறது; ஆக்சில் என்பது இதைத்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாயின்ட். வீல் பக்க ஜாயின்ட் ஸ்டியரிங் திரும்பும்போது மடங்கும். கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது உள்ளே வெளியே நகர்ந்து கொடுக்கும். வீல் பக்க முனை ஹப்புக்குள் (வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) பல் கோத்து நுழைந்து, நடுவில் ஒரு பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். மறுமுனையைக் கியர்பாக்ஸுக்குள் பெரும்பாலான வண்டிகளில் ஒரு சிறிய சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் கம்பி வளையம்) பிடித்திருக்கும்.

ஆக, 'ஆக்சில் லூஸ்' என்ற ஒரே பேச்சுக்குள் ஐந்து கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன: நடு நட் தளர்ந்திருப்பது, ஹப்பிலோ ஷாஃப்டிலோ பல் தேய்ந்திருப்பது, வீல் பக்க ஜாயின்ட் தேய்ந்திருப்பது, கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் தேய்ந்திருப்பது, சர்க்ளிப் சரியாக உட்காராமல் ஷாஃப்ட் வெளியே நகர்ந்திருப்பது. இவற்றுக்குச் செலவு நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை போகும். ஐந்தில் எது என்று தெரியாமல் பார்ட்ஸ் வாங்கக் கிளம்புவதில்தான் காசு வீணாகிறது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஜாக்கி, கட்டாயமாக ஒரு ஜாக்கி ஸ்டாண்ட், பின் வீலுக்கு முட்டுக்கட்டை, டார்ச், பழைய துணி, கையுறை, சாக்பீஸ் அல்லது வெள்ளைப் பெயின்ட் மார்க்கர், நீளமான கடப்பாரை மாதிரி ஒரு நெம்புகோல், நடு நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட் (சிறிய கார்களில் பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ.; அளந்துவிட்டு வாங்குங்கள்), டார்க் ரென்ச் (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் ஸ்பேனர்). டார்க் ரென்ச் இல்லையென்றால் ஏழாவது படியை மட்டும் கராஜில் வைத்துச் செய்யுங்கள். மீதியெல்லாம் வீட்டிலேயே முடியும்.

இடம் முக்கியம். பெங்களூரில் பாதித் தெரு சரிவு. சரிவில் முன் வீலைத் தூக்காதீர்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சமதரை கிடைக்கும். அசோசியேஷன் சம்மதித்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது.

3. முதலில் ஓட்டிப் பாருங்கள்

கிளம்பும் முன் வீல் நட்டுகள் நான்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். போன வாரம் பஞ்சர் போட்டிருந்தால் கண்டிப்பாக. ஆக்சில் என்று நினைத்து வருகிற 'கடகட' சில சமயம் இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, காலி மைதானத்திலோ பேஸ்மென்ட்டிலோ ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முதல் கியரில், நடக்கிற வேகத்தைவிடச் சற்று கூடுதலாக, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டம் அடியுங்கள். வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒரு சுவரை ஒட்டிப் போனால் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். வீல் சுற்றும் வேகத்தோடு கூடிக் குறைந்து, விடாமல் 'டக்டக்டக்' என்று வந்தால் வீல் பக்க ஜாயின்ட். வளைவின் வெளிப்பக்க வீலில்தான் அது அதிகம் கேட்கும் என்பார்கள். பெரும்பாலும் சரி, ஆனால் அதை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாதீர்கள். ஆறாவது படி அதைச் சொல்லும்.

ரிவர்ஸிலிருந்து முன்னோக்கி எடுக்கும்போது ஒரே ஒரு 'டக்', பிறகு சத்தமே இல்லை என்றால் கதை வேறு. நடு நட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஷாஃப்டின் தோளும் பேரிங்கும் உரசும் இடம் காய்ந்திருக்கலாம். ஜாயின்ட்டைக் குறை சொல்லி மாற்றப்படும் ஆக்சில்களில் இந்த வகை நிறைய.

நேர் ரோட்டில் இரண்டாவது கியரில் காலை அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் 'தொம்' என்று இடித்தால் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் அல்லது இன்ஜின் மவுண்டிங். இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டிக்கு முன்னால் யாரும் இல்லாமல், பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை மெல்ல விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் ஒரு பக்கமாகக் குதித்து எழுந்தால் மவுண்டிங்கை முதலில் கவனியுங்கள்.

60–80 வேகத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வண்டி குலுங்கி, காலை எடுத்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட். காலை எடுத்தும் குலுக்கல் தொடர்ந்தால் வீல் பேலன்சிங், டயர் பக்கம் பாருங்கள். வேகத்தோடு ஏறும் 'ஊம்' என்ற முனகல், லேசான வளைவில் கூடியோ குறைந்தோ கேட்டால் வீல் பேரிங்.

4. பூட், கிரீஸ், கறை

ஜாயின்ட் தானாகச் சீக்கிரம் சாவதில்லை. அதன் மேலிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மழைத்தண்ணியும் மண்ணும் உள்ளே போன பிறகுதான் சாகிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, வீலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும்; வெளியே நல்லாயிருக்கும், மடிப்பின் அடியில் வெட்டு ஓடியிருக்கும். கிளிப் தளர்ந்து ஓரத்தில் கசிவதும் உண்டு.

வீல் ரிம்மின் உட்பக்கம், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதி ஆகியவற்றில் வட்டமாக வீசி அடித்த மாதிரி கறுப்புக் கறை இருந்தால் வீல் பக்க பூட் கிழிந்துவிட்டது. கறையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கெட்டியாக, கறுப்பாக, கையில் ஒட்டினால் ஜாயின்ட் கிரீஸ். மெல்லிசாக வழிந்து, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். அது கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீலிலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பூட்டை மாற்றிவிட்டு, ஆயில் கசிவைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து கியர்பாக்ஸே போகும்.

பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் சத்தம் இன்னும் இல்லை என்றால் அதிர்ஷ்டம். சுத்தம் செய்து புது கிரீஸ், புது பூட், புது கிளிப் போதும். சத்தம் வர ஆரம்பித்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

5. வீலைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள்

பின் வீல்களுக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட் பிரேக், பிறகு ஒரு பக்க முன் வீலைத் தூக்கி ஸ்டாண்ட் மேல் உட்கார வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜினை ஓட விட்டு, தொங்கும் வீலைக் கியரில் சுற்ற விடுவதைச் சிலர் செய்வார்கள். வேண்டாம். ஆபத்து ஒருபுறம், சஸ்பென்ஷன் தொங்கும்போது ஜாயின்ட் அதிகமாக மடங்கி, நல்ல ஜாயின்ட்டும் சத்தம் போடும்.

கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங் அல்லது நடு நட். பிரேக் பிடித்தும் ஆடினால் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், சஸ்பென்ஷன் பக்கம். 9-க்கும் 3-க்கும் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக். இங்கே கவனிக்க வேண்டியது: ஜாயின்ட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வீல் இப்படிப் பக்கவாட்டில் ஆடாது. வீலை ஆட்டிக் காட்டி "ஆக்சில் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், எந்தப் பார்ட் ஆடுகிறது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

6. சுழற்சி எந்த இடத்தில் தொலைகிறது

முழுக் கட்டுரையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வண்டி முதல் கியரில் (ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில், அதாவது பார்க்கில்), சாவி வெளியே, ஒரு முன் வீல் தரையில், மற்றது தூக்கியபடி. தூக்கிய வீலை உதவியாளர் இரு பக்கமும் மெல்லத் திருப்பட்டும். கொஞ்சம் திரும்பும், பிறகு நிற்கும். கியர் பற்களுக்கு இடையில் இயல்பாகவே சற்று இடைவெளி உண்டு. அதனால் சிறு ஆட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போது நீங்கள் நான்கு இடங்களில் சாக்பீஸ் கோடு போடுங்கள்: கியர்பாக்ஸ் பக்கக் கிண்ணம் (ஜாயின்ட்டின் கிண்ணம் போன்ற வெளிக்கூடு), நடுத்தண்டு (இரண்டு ஜாயின்ட்டுக்கும் இடையிலுள்ள ஷாஃப்ட்), வீல் பக்கக் கிண்ணம், ஹப்பும் நடு நட்டும் சேரும் இடம். ஒரு கையைக் கியர்பாக்ஸ் பக்கக் கிண்ணத்திலும் இன்னொரு கையை நடுத்தண்டிலும் வைத்துக்கொண்டு வீலைத் திருப்பச் சொல்லுங்கள். தண்டு முதலில் திரும்பி, கிண்ணம் தாமதமாக 'டிக்' என்று தொடர்ந்தால் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் அந்த ஜாயின்ட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்து, தண்டிலும் வீல் பக்கக் கிண்ணத்திலும் கை வையுங்கள். கிண்ணம் திரும்பியும் தண்டு நின்றால் வீல் பக்க ஜாயின்ட். கடைசியாக ஹப். வீலும் ஹப்பும் திரும்புகின்றன, ஆனால் நடு நட்டும் கிண்ணமும் ஒரு நொடி நின்று பிறகு தொடர்கின்றன என்றால் பல் தேய்ந்திருக்கிறது. இதில் புது ஆக்சில் மட்டும் போட்டால் பாதி வேலைதான். ஹப்பின் உள் பல்லும் போயிருக்கும்.

தண்டை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்கலாம். வீல் பக்க ஜாயின்ட் அருகே கையில் தட்டுப்படும் ஆட்டம் இருக்கக் கூடாது. கியர்பாக்ஸ் பக்கத்தில் மிகச் சிறிது இருக்கலாம். தண்டு உள்ளே வெளியே சில மி.மீ. நகர்வது கோளாறு இல்லை. அந்த ஜாயின்ட் நகர்வதற்காகவே செய்யப்பட்டது. இதைக் காட்டி ஆக்சில் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

முடிவு சந்தேகமாக இருந்தால் மறுபக்க வீலையும் இதேபோல் தூக்கி ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆடினால் பெரும்பாலும் இயல்பு.

7. நடு நட்

வீலின் நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றுங்கள். நட்டைப் பூட்ட இரண்டு வழக்கம் உண்டு: குறுக்கே ஸ்ப்ளிட் பின் (துளையில் நுழைத்து முனையை மடக்கும் கம்பி), அல்லது நட்டின் விளிம்பை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் உளியால் அடித்து மடக்கியிருப்பார்கள். பின் இல்லை, மடிப்பு பள்ளத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது, நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் துரு மாவு தெரிகிறது என்றால் நட் தளர்ந்து ஓடியிருக்கிறது. அந்த மாவு பல்லும் ஹப்பும் உரசித் தேய்ந்த இரும்பு.

வீல் தரையில் இருக்க, பிரேக் பிடித்திருக்க, உங்கள் வண்டிக்குரிய டார்க்கை ரென்ச்சில் வைத்து இறுக்கும் திசையில் மட்டும் இழுங்கள். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சர்வீஸ் மேனுவலில் உங்கள் மாடலுக்குப் போட்டிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 'க்ளிக்' கேட்கும் முன்பே நட் திரும்பினால் அது தளர்ந்திருந்தது. அப்படியே இறுக்கிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பேரிங்கை அழுத்திப் பிடிப்பதே அந்த நட்தான். அது தளர்ந்து எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பேரிங் அடி வாங்கியிருக்கும். வீலைத் தூக்கி, புது நட் போட்டு இறுக்கி, ஐந்தாவது படியை மறுபடி செய்யுங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் பேரிங்கும் மாற்ற வேண்டும்.

மடக்கும் வகை நட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஸ்ப்ளிட் பின்னும் அப்படியே. மிச்சமாகும் காசு ஒரு பிளேட் மசால் தோசைக்குக்கூட வராது.

8. கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கிறதா

சமீபத்தில் ஆக்சிலோ கிளட்சோ கழற்றி மாட்டிய வண்டி என்றால் இதைத் தவறவிடாதீர்கள். கியர்பாக்ஸுக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கிண்ணத்தைப் பிடித்து வெளியே இழுங்கள், வரக் கூடாது. தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள்ளே ஜாயின்ட் கழன்றுவிடும். கிண்ணம் நகர்ந்து வந்தாலோ, சீலைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தாலோ சர்க்ளிப் உட்காரவில்லை. ஷாஃப்டைக் கழற்றி, புது சர்க்ளிப்பும் புது ஆயில் சீலும் போட்டு மாட்ட வேண்டும். குறைந்த கியர் ஆயிலை ஹேண்ட்புக்கில் சொன்ன கிரேடில் நிரப்புங்கள்.

9. இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா

வட்டம் அடிக்கும்போது மட்டும் 'டக்டக்' என்றால் கராஜ் வரை மெதுவாகப் போகலாம். நேராகப் போகும்போதும் சத்தம், நட் தளர்வு, கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்ட் நகர்வு, இவற்றில் எது இருந்தாலும் ஓட்டாதீர்கள். முன் வீல்களைத் தூக்கி இழுக்கும் வண்டியோ பிளாட்பெட்டோ கூப்பிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு பக்க ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டால் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. ஆட்டோமேட்டிக்கில் பி-யும் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கும் வீலுக்கடியில் கல்லும்தான் காப்பாற்றும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஹப் காலியாக இருக்கும் வண்டியைத் தள்ளி நகர்த்தவும் கூடாது; அழுத்தம் இல்லாமல் பேரிங் பிரிந்துவிடும்.

10. பார்ட்ஸ், விலை, பில்

புதுப் பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு, பழையதுக்கு சிவாஜிநகர் குஜிரி (பழைய பார்ட்ஸ் சந்தை). இரண்டு இடத்திலும் தமிழிலேயே பேசி வாங்கலாம். போகும் முன் ஆர்.சி.யின் படம் (டிஜிலாக்கரில் இருப்பது போதும்), சேசிஸ் எண், பெட்ரோலா டீசலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, ஏ.பி.எஸ். உண்டா, இடமா வலமா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இடது ஷாஃப்டும் வலது ஷாஃப்டும் பொதுவாக ஒரே நீளம் இருக்காது. முடிந்தால் பழைய ஷாஃப்டையே எடுத்துப் போய், இரு முனையிலும் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். ஏ.பி.எஸ். வண்டியில் ஷாஃப்டின் மேல் பல் வளையம் இருந்தால் புதுசிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். லைட் அணையாது.

சிறிய ஹேட்ச்பேக்குகளுக்கு மனக்கணக்காக வைத்துக்கொள்ள: பூட், கிளிப், கிரீஸ் ஒரு பக்கத்துக்குச் சில நூறிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை, வீல் பக்க ஜாயின்ட் மட்டும் என்றால் ஏறத்தாழ 1,500 முதல் 3,500, முழு ஷாஃப்ட் வெளிச்சந்தையில் 3,000 முதல் 7,000, கம்பெனிப் பார்ட் அதற்கும் மேல். கூலி தனி. ஷாஃப்ட் மாற்ற இரண்டு மணி நேரம் போதும். பேரிங் என்றால் பிரஸ் வைத்திருக்கும் கடைக்கு ஹப் போய் வர வேண்டும், அரை நாள் ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பழைய 28 சதவீதத்தை யாராவது போட்டால் கேளுங்கள். பார்ட் எண் எழுதிய பில் இல்லாமல் வாரன்டி பேச்சுக்கு அர்த்தமில்லை. பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது, அதற்காக அலைய வேண்டாம்.

குஜிரியில் வாங்குவதானால் பெயின்ட் பளபளக்கும் ஷாஃப்டைவிட, அழுக்கோடு, பூட் கிழியாமல், கழற்றிய வண்டி எது என்று சொல்லக்கூடிய ஷாஃப்டே மேல். இடது, வலது ஜாயின்ட்களை மாற்றி மாட்டி, தேயாத பக்கத்தில் சுமை விழும்படி செய்வது பழைய மெக்கானிக்குகளின் கைவேலை. கொஞ்ச நாள் ஓடும், அதற்கு முழு ஷாஃப்டின் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வண்டிக்குப் 15 வருடம் நெருங்கினால் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. சோதனைக்குப் போக வேண்டும். இந்த வேலையை அதற்குச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

11. மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

ஷாஃப்ட் முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். பழைய நட்டை முனைக்குச் சமமாக மாட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஷாஃப்டை நுழைக்கும்போது ஆயில் சீலின் உதடு கிழியாமல் பார்க்க வேண்டும். சர்க்ளிப் உட்காரும் 'டக்' ஒலி கேட்க வேண்டும். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியில் கட்ட வேண்டும்.

நடு நட்டை ஏர் கன்னால் 'கிர்ர்' என்று இறுக்கி விட்டுவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டியின் எடை வீலில் இறங்கும் முன்பே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, டார்க் ரென்ச்சில் முழு அளவுக்கும் இறுக்குவது பேரிங்குக்கு நல்லது. பிறகு நட்டை மடக்கி அல்லது பின் போட்டு, நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். வீல் நட்டுகளுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், மாடலைப் பொறுத்து.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் மூடியைக் கழற்றிப் பெயின்ட் கோடு நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் சீலைத் துணியால் தொட்டு ஈரம் பாருங்கள். வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் வைத்துச் சரிபாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் அன்றே அதே கராஜுக்குப் பில்லோடு போங்கள்.